லுக்லா விமானம்: பயம் சரி, ஆனால் எதைப் பார்த்து?

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், குளிரைப் பற்றியோ உயரத்தைப் பற்றியோ யாரும் கேட்பதில்லை. "அந்த லுக்லா ஏர்போர்ட்டிலயா இறங்கப் போறீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். எல்லாம் யூடியூப் செய்த வேலை. மலைச் சரிவில் ஒரு துண்டு ரன்வே, ஒரு முனையில் கற்சுவர், மறு முனையில் கிடுகிடு பள்ளம், நடுவில் ஒரு குட்டி விமானம் தடதடவென்று வந்து இறங்குகிறது. பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். கலக்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் அந்த வீடியோக்கள் பயத்தைக் கொண்டுபோய் வைக்கிற இடம் தப்பு என்பது என் கட்சி. அந்த ரன்வேயின் சரிவு பைலட்டுக்கு உதவி செய்கிற ஒன்று. ஆளைக் கொன்றிருப்பது பெரும்பாலும் மேகம்தான். அதோடு, இன்றைக்கு எப்படியாவது போய்விட வேண்டும் என்கிற அவசரத்துக்கும் பங்கு உண்டு.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடுவோம். எவரெஸ்ட் பேஸ் கேம்ப் நடை தொடங்கும் ஊரான லுக்லா நேபாளத்தின் சோலுகும்பு மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 2,845 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரன்வேயின் நீளம் 527 மீட்டர். காத்மாண்டுவின் ரன்வே மூன்று கிலோமீட்டருக்கு மேல் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு குட்டை என்று புரியும். சரிவு 11.7 சதவீதம். அதாவது ரன்வேயின் கீழ் முனைக்கும் மேல் முனைக்கும் நடுவே சுமார் 60 மீட்டர் உயர வித்தியாசம், ஒரு இருபது மாடிக் கட்டிடத்தின் உயரம். கீழ் முனையைத் தாண்டினால் தூத் கோசி ஆற்றின் பள்ளத்தாக்கு, சுமார் 600 மீட்டர் ஆழம்.

இப்படி ஒரு இடத்தில் யார் விமான நிலையம் கட்டினார்கள்? எட்மண்ட் ஹிலாரிதான். 1953-ல் எவரெஸ்ட் ஏற அவரும் டென்சிங் நோர்கேயும் போன குழு காத்மாண்டு பள்ளத்தாக்கிலிருந்து இரண்டு வாரத்துக்கு மேல் நடந்துதான் ஷெர்பாக்களின் ஊர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தது. பிறகு ஹிலாரி அந்த ஊர்களுக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி கட்டித் தருவதில் இறங்கினார். கும்ஜுங் பள்ளி 1961-ல் வந்தது, குண்டே ஆஸ்பத்திரி 1966-ல். இரண்டுக்கும் நடுவே 1964-ல் கட்டுமானச் சாமான்களைக் கொண்டுவருவதற்காகப் போட்டதுதான் இந்த ஓடுதளம். சுற்றுலாவுக்காகப் போட்டதே இல்லை. ஹிலாரி முதலில் கேட்டது சமதளமான விவசாய நிலத்தை. நல்ல நிலத்தைக் கொடுக்க விவசாயிகளுக்கு மனமில்லை, அதிலும் நியாயம் இருக்கிறது, அந்த மலையில் உழுவதற்கு ஏற்ற நிலம் எவ்வளவு கிடைத்துவிடும்? கடைசியில் கிடைத்தது இந்தச் சரிவு, விலை 2,650 அமெரிக்க டாலர் என்று சொல்வார்கள். மண் பொதபொதவென்று இருந்ததால் ஊர் ஷெர்பாக்களுக்கு உள்ளூர்ச் சரக்கை வாங்கிக் கொடுத்து, காலை ஓங்கி மிதித்து ஆடும் அவர்களுடைய ஆட்டத்தை அந்த நிலத்தின் மேலேயே ஆடவைத்து மண்ணை இறுக வைத்தார்கள் என்பது ஹிலாரி காலத்திலிருந்து சொல்லப்படும் கதை. தார் போட்டது 2001-ல்தான், அதுவரை மண் ஓடுதளம். 2008 ஜனவரியில் ஹிலாரி இறந்ததை ஒட்டி டென்சிங்-ஹிலாரி விமான நிலையம் என்று பெயர் மாற்றினார்கள். ஊர்க்காரர்களுக்கு இன்னும் அது லுக்லாதான்.

சரி, சரிவுக்கு வருவோம். உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்துபோகும். லுக்லாவில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். இறக்கைக்குத் தூக்கும் சக்தி குறைவு, புரொப்பெல்லருக்கு இழுக்கும் சக்தி குறைவு, இன்ஜினுக்கு மூச்சும் குறைவு. இதன் விளைவு வேடிக்கையாக இருக்கும்: பைலட் முன்னால் இருக்கும் மீட்டர் வழக்கமான வேகத்தைத்தான் காட்டும், ஆனால் தரையோடு ஒப்பிட்டால் விமானம் கடல் மட்டத்தில் போவதைவிட ஏறக்குறைய 15 சதவீதம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். சமதளத்தில் இதே 527 மீட்டரைப் போட்டிருந்தால் இறங்கும் விமானத்துக்கும் இடம் போதாமல் திண்டாட்டம், கிளம்பும் விமானத்துக்கும் திண்டாட்டம். சரிவு இரண்டையும் தீர்க்கிறது. இறங்கும்போது மேட்டில் ஏறுவதால் பூமியே பிரேக் பிடிக்கிறது, கிளம்பும்போது இறக்கத்தில் ஓடுவதால் பூமியே தள்ளிவிடுகிறது. கீழ் முனையில் இருக்கும் பள்ளமும் அப்படித்தான். வீடியோவில் பார்க்கும்போது பகீரென்று இருந்தாலும், ரன்வேயை விட்டதும் விமானத்துக்குக் கீழே 600 மீட்டர் காலி இடம் கிடைக்கிறது.

அதனால் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அங்கே இறங்குவது மேல்நோக்கி மட்டும்தான், கிளம்புவது கீழ்நோக்கி மட்டும்தான். இதற்கு ஒரு விலை உண்டு. சாதாரண விமான நிலையத்தில் கடைசி நிமிடத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டால் பைலட் விமானத்தை மேலே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வருவார். லுக்லாவில் ரன்வேக்குப் பின்னால் மலை எழும்பி நிற்கிறது, மெலிந்த காற்றில் அதற்கு மேலே ஏற முடியாது. பள்ளத்தாக்கில் ஒரு இடம் வரைக்கும் திரும்பிப் போகலாம், அதைத் தாண்டிவிட்டால் இறங்கியே ஆக வேண்டும். ஆகையால்தான் எல்லா பைலட்டுக்கும் அங்கே அனுமதி இல்லை. குட்டை ரன்வேக்களில் குறைந்தது 100 முறை பறந்திருக்க வேண்டும், நேபாளத்திலேயே அந்த மாதிரிப் பறத்தலில் ஓராண்டு அனுபவம் வேண்டும், அதற்கு மேல் பயிற்சி கொடுப்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லுக்லாவில் பத்து முறை இறங்கிக் காட்ட வேண்டும். ட்வின் ஆட்டர், டோர்னியர் 228, எல்-410 என்று அங்கே வரும் விமானங்களும் குறைந்த தூரத்தில் ஏறி இறங்கவே வடிவமைத்தவை.

சரிவு ஒரு இடத்தில் மட்டும் நிஜமாகவே ஏமாற்றும், அது கண்ணை. தட்டையான ரன்வேக்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு மேட்டு ரன்வே செங்குத்தாக நீண்டு தெரியும். நாம் ரொம்ப உயரத்தில் இருக்கிறோம் போலிருக்கிறது என்று மூளை முடிவுகட்டிவிடும், கை தன்னால் விமானத்தைத் தாழ்த்தும். வானம் தெளிவாக இருந்தால் பழகிய பைலட் இதைச் சரிசெய்துகொள்வார். நடுவில் ஒரு மேகம் புகுந்தால்?

2008 அக்டோபர் 8 காலை நடந்தது இதற்குப் பக்கத்தில் வரும். காத்மாண்டுவிலிருந்து 19 பேரோடு வந்த எட்டி ஏர்லைன்ஸ் ட்வின் ஆட்டர், கடைசிக் கட்டத்தில் மூடுபனிக்குள் புகுந்து, ரன்வே தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே மலையில் மோதித் தீப்பிடித்தது. 18 பேர் இறந்தார்கள், அதில் 12 பேர் ஜெர்மானியர்கள். பிழைத்தது கேப்டன் ஒருவர் மட்டுமே. 2017 மே 27-ல் ஒரு சரக்கு விமானமும் அதே மாதிரி மோசமான வானிலையில் ரன்வே மட்டத்துக்குக் கீழே வந்து விழுந்தது, பைலட்டுகள் இருவரும் இறந்தார்கள். இரண்டிலுமே ரன்வேயின் நீளம் பிரச்சினை ஆகவில்லை, விமானம் ரன்வேக்கு வந்தே சேரவில்லை.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் படம் தெளிவாகும். 2010 ஆகஸ்டில் லுக்லாவுக்குக் கிளம்பிய அக்னி ஏர் டோர்னியர், வானிலை சரியில்லை என்று திரும்பி வரும் வழியில் மக்வான்பூர் மாவட்டத்தில் விழுந்து 14 பேரும் இறந்தார்கள். 2012 செப்டம்பரில் லுக்லாவுக்குக் கிளம்பிய சீதா ஏர் டோர்னியர் காத்மாண்டு ரன்வேயை விட்டு எழுந்த கொஞ்ச நேரத்தில் மனோகரா ஆற்றங்கரையில் விழுந்தது, 19 பேரும் இறந்தார்கள். இந்த இரண்டு விமானங்களும் லுக்லாவைக் கண்ணால் பார்க்கக்கூட இல்லை. லுக்லா ரன்வேயிலேயே நடந்தது என்று சொன்னால் 2019 ஏப்ரல் 14 விபத்தைச் சொல்லலாம். கிளம்ப ஓடிய எல்-410 பக்கவாட்டில் விலகிப் போய், நிறுத்திவைத்திருந்த ஹெலிகாப்டர் மேல் மோதியது. துணை பைலட்டும் அங்கே பணியில் நின்ற போலீஸ்காரர்கள் இருவரும் இறந்தார்கள். அதற்கும் சரிவைக் குற்றம் சொல்ல முடியாது, அவ்வளவு குறுகலான இடத்தில் விமானமும் ஹெலிகாப்டரும் ஆட்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைத்தான் சொல்ல வேண்டும்.

லுக்லா அளவுக்குப் பெயர் வாங்காத இன்னொரு நேபாள மலை ஊரான ஜோம்சோம் பக்கம் பாருங்கள். போகராவிலிருந்து அங்கே கிளம்பிய தாரா ஏர் ட்வின் ஆட்டர்கள் இரண்டு, 2016 பிப்ரவரியில் ஒன்று, 2022 மே மாதம் ஒன்று, வழியிலேயே மேகத்துக்குள் மலையில் மோதின. 23 பேர், 22 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. 'இங்கே மேகத்துக்குள் பாறை இருக்கும்' என்று நேபாள பைலட்டுகள் ஒரு பேச்சாகச் சொல்வது இதைத்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2013 டிசம்பரில் நேபாள விமான நிறுவனங்கள் அத்தனைக்கும் தன் வானத்தில் தடை போட்டபோது அதற்குக் காரணமாகச் சொன்னது ஒட்டுமொத்தப் பாதுகாப்புக் கண்காணிப்பின் லட்சணத்தை, ஒரு ரன்வேயின் நீளத்தை இல்லை. ஹிலாரியின் மனைவியும் கடைசி மகளும் 1975-ல் இறந்ததும் மலை ஊருக்குப் போகிற குட்டி விமானத்தில்தான். அவர் ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்த பாப்லுவுக்குப் போவதற்காக ஏறினார்கள், காத்மாண்டுவில் கிளம்பியதுமே விழுந்துவிட்டது.

மேகம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் ஆகிறது என்றால், லுக்லாவில் கருவிகளை நம்பி இறங்கும் வசதி கிடையாது. பைலட் கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும். காலையில் பள்ளத்தாக்கு அசையாமல் கிடக்கும், காற்று இருக்காது, மலைகள் கழுவிவிட்டது போலத் தெரியும். வெயில் ஏறியதும் சரிவுகள் சூடாகி, காற்று பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மேலே ஏறத் தொடங்கும், தூத் கோசியின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு. அந்த ஈரம் மேலே வந்ததும் மேகமாகிறது. காற்று தெற்கிலிருந்து வடக்காக, அதாவது இறங்க வரும் விமானத்தின் முதுகுப் பக்கத்திலிருந்து அடிக்கிறது. பின்னால் இருந்து காற்று தள்ளினால் இறங்கும் வேகம் கூடும், எதிர்த் திசையில் இறங்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஆகவே முற்பகல் தாண்டினாலே பல நாள்களில் கடையைக் கட்டிவிடுவார்கள். ஒரு நாளில் மொத்தமாகக் கிடைக்கும் நல்ல நேரமே நாலைந்து மணி நேரம்தான், மழைக்காலத்தில் அதுவும் கிடைக்காது.

இங்கேதான் அவசரம் என்கிற சமாச்சாரம் உள்ளே வருகிறது. அக்டோபர், நவம்பர், ஏப்ரல், மே மாதங்களில் உலகம் முழுக்க இருந்து வந்தவர்கள் இந்த நாலு மணி நேரத்தில் போயாக வேண்டும். இருப்பது சில விமானங்கள், அதே விமானங்கள்தான் போய்ப் போய்த் திரும்பும். காலை முதல் நடை தாமதமானால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா நடையும் தள்ளிப்போகும், மத்தியானத்துக்குள் முடியாதவை ரத்தாகும். ரத்தானவர்களுக்கு மறுநாள் முன்னுரிமை கிடைக்கும் என்று நினைப்போம், ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு: மறுநாள் டிக்கெட் எடுத்தவர்கள் முதலில் போவார்கள், முந்தின நாள் ஆட்கள் காலி இடத்துக்குக் காத்திருக்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து மேகம் மூடினால் லுக்லா மாதிரி ஒரு சின்ன ஊரில் கூட்டம் தாங்காது. 2011 நவம்பர் தொடக்கத்தில் பனிமூட்டத்தால் விமானங்கள் நின்றபோது ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுக் கூடங்களிலும் கூடாரங்களிலும் படுத்துக் கிடந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு மத்தியில், சொந்த ஊர் விமானத்தைத் தவறவிடப் போகிற பயணிகள், நஷ்டக் கணக்கு போடும் நிறுவனம், ஏஜென்டுகளின் போன் இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்து 'இன்றைக்குப் பறக்க முடியாது' என்று ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. மேகத்தில் ஒரு ஓட்டை தெரிந்தால் அதன் வழியாக நுழைந்துவிடலாம் என்கிற ஆசை எங்கிருந்து பிறக்கிறது என்று இதைப் பார்த்தால் புரியும். அதனால்தான் லுக்லா மூடிவிட்டது என்ற அறிவிப்பைக் கேட்டுக் கவுண்டரில் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அந்தப் பாதையில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பாதுகாப்பு அந்த அறிவிப்புதான்.

இந்த நெரிசலைக் குறைக்க 2019 முதல் ஒரு ஏற்பாடு. சீசன் மாதங்களில் லுக்லா விமானங்களைக் காத்மாண்டுவில் இருந்து எடுக்காமல், ராமேச்சாப் மாவட்டத்தில் உள்ள மந்தலி என்ற சின்ன விமான நிலையத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். காத்மாண்டுவில் ஒரே ரன்வே, சர்வதேச விமானங்களும் உள்ளூர் விமானங்களும் வரிசையில் நிற்பதில் காலை நேரம் வீணாகும். மந்தலியிலிருந்து லுக்லா இருபது நிமிடம்கூட ஆகாது, காத்மாண்டுவிலிருந்து அரை மணி நேரத்துக்கு மேல். ஆகவே அதே நல்ல நேரத்தில் அதிக நடை போக முடிகிறது. கணக்குப்படி நல்ல யோசனைதான். பயணிக்கு மட்டும் அது ஒரு தண்டனை: நடுராத்திரி ஒரு மணிக்கு எழுந்து வேனில் ஏறி, வளைந்து வளைந்து போகும் மலைச் சாலையில் நாலைந்து மணி நேரம் குலுங்கி, விடியும்போது வாந்தி மயக்கத்தோடு மந்தலியில் போய் இறங்க வேண்டும். 2024 செப்டம்பர் வெள்ளம் மந்தலி போகும் வழியில் வரும் பி.பி. நெடுஞ்சாலையைப் பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது. பயப்படுவதற்கு ஒரு இடம் வேண்டும் என்றால் விமானத்தை விட அந்த இருட்டுச் சாலையில் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிற டிரைவரைத்தான் நான் காட்டுவேன்.

மந்தலி 474 மீட்டர் உயரம், லுக்லா 2,845. இருபது நிமிடத்தில் உடம்பை இவ்வளவு உயரம் தூக்கிக் கொண்டுபோய் வைக்கிறார்கள் என்பதை விமானப் பயத்தில் பலரும் மறந்துவிடுகிறார்கள். இறங்கிய உற்சாகத்தில் அன்றைக்கே இன்னும் மேலே உள்ள நாம்சே பஜார் வரை போய்விடலாம் என்று கிளம்பாமல், வழியில் உள்ள பக்டிங்கில் தங்கிக்கொள்வதுதான் வழக்கம். பக்டிங் லுக்லாவை விடத் தாழ்வான இடம், முதல் ராத்திரி உடம்புக்கு அது நல்லது.

விமானத்துக்குள் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு. சாமான் மொத்தம் 15 கிலோதான், தோள்பையையும் சேர்த்து. மெலிந்த காற்றும் குட்டை ரன்வேயும் இருக்கும்போது ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு, தராசுக்காரரிடம் கெஞ்சுவதில் பயனில்லை. சீட் நம்பர் கிடையாது, போகும்போது இடது பக்கம் கிடைத்தால் பனிமலைகள் தெரியும். பணிப்பெண் தட்டில் மிட்டாயும் காதில் வைக்கப் பஞ்சும் கொண்டுவருவார். பஞ்சை வாங்கிக்கொள்ளுங்கள், இன்ஜின் சத்தம் அப்படி. ட்வின் ஆட்டராக இருந்தால் பைலட் அறைக்கும் உங்களுக்கும் நடுவில் மூடிய கதவு இருக்காது. அந்த விமானத்தில் இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்கள் கூரையில் இருக்கின்றன, அதனால் இரண்டு பைலட்டுகளும் மாறி மாறிக் கையை மேலே தூக்கிப் பிடிப்பதைப் பார்த்து ஏதோ விபரீதம் என்று பதற வேண்டாம். லாம்ஜுரா கணவாய்ப் பக்கம் தாண்டும்போது மரங்கள் ரொம்பக் கிட்டத்தில் தெரியும். அதுவும் வழக்கம்தான், 3,500 மீட்டருக்கு மேல் உள்ள மேட்டைத் தாண்டுகிறீர்கள். அப்புறம் வடக்கே திரும்பியதும் முன் கண்ணாடி வழியாக ரன்வே தெரியும். மற்ற ஊர்களில் அது கீழே படுத்திருக்கும், இங்கே எதிரே நிமிர்ந்து நிற்கும். சக்கரம் தொட்டதும் புரொப்பெல்லரை எதிர்ப்பக்கம் திருப்பி இழுப்பார்கள், பெரிய இரைச்சல், முன்னால் தூக்கி எறிகிற மாதிரி ஒரு இழுப்பு, மேலே போய் ஒரு திருப்பம், கதை முடிந்தது. பல பேர் கைதட்டுவார்கள்.

ஹெலிகாப்டர் பாதுகாப்பானது என்று ஏஜென்டுகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ரன்வே வேண்டாம், விமானம் நின்ற பிறகும் சில நேரம் பறக்கும், அதுவரைக்கும் உண்மை. ஆனால் அது பறப்பதும் அதே மேகத்துக்குள்தான். 2023 ஜூலையில் லுக்லாவுக்குக் கீழே உள்ள சுர்கேயிலிருந்து காத்மாண்டு கிளம்பிய ஒரு ஹெலிகாப்டர் அந்த லாம்ஜுரா பக்கத்திலேயே விழுந்து, மெக்சிகோ நாட்டவர் ஐந்து பேரும் பைலட்டும் இறந்தார்கள்.

உருப்படியாகச் செய்யக்கூடியது நாள் கணக்கைச் சரிசெய்வது. போகும்போது ஒரு நாள், திரும்பும்போது இரண்டு நாள் சும்மா விட்டு வைத்தால் பாதிப் பதற்றம் போய்விடும். லுக்லாவிலிருந்து திரும்பிய அன்றைக்கே டெல்லிக்கோ சென்னைக்கோ விமானம் பிடிக்கிற மாதிரி டிக்கெட் போடுவது வேண்டாத வேலை. முடிந்த வரை காலை முதல் நடையில் இடம் கேளுங்கள். விமானமே வேண்டாம் என்றால் பழைய வழி இருக்கிறது: ஜிரி வரை பஸ், அங்கிருந்து ஏறக்குறைய ஒரு வாரம் நடை. இப்போது காத்மாண்டுவிலிருந்து ஜீப்பில் ஒரு முழு நாள் குலுங்கினால் லுக்லாவுக்குத் தெற்கே உள்ள சல்லேரி வந்துவிடும், அதையும் தாண்டி வடக்கே ஜீப் பாதை வெட்டிக்கொண்டு போகிறார்கள், ஆகவே நடை ரொம்பவே சுருங்கிவிட்டது. இந்தச் சாலை விமானத்தில் போகிறவர்களுக்கும் உதவும். லுக்லாவில் மூன்றாவது நாளும் வானம் திறக்கவில்லை என்றால், கவுண்டர் முன்னால் உட்கார்ந்திருக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு தெற்கே இறங்கி நடந்து, ஜீப் கிடைக்கிற ஊரில் ஏறிவிடலாம். மழைக்காலத்தில் மட்டும் இதை யோசிக்காதீர்கள், அப்போது அந்த மண் சாலை சரிந்து கிடக்கும்.